அளக்காமல் எழுதிய மூன்று எண்கள்

அந்த மூன்று பாபின்களும் யாருடையவை என்று எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால், அவற்றை நான் இரண்டாம் முறை அளந்திருப்பேனா? நான்கு வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். அளந்திருப்பேன் என்று காலையில் தோன்றும். மத்தியானம் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது, இல்லை, அன்றைக்கு நான் இருந்த நிலையில் யாருடையதையும் அளந்திருக்க மாட்டேன் என்று தோன்றும். இரண்டில் எது உண்மை என்று தெரிந்தாலும் எனக்கு நிம்மதி வந்துவிடாது. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

திண்டுக்கல்லுக்கு வடக்கே வேடசந்தூர் சாலையில் ஒரு நூல் மில்லின் ஸ்டோர்ஸில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். மில்லுக்குள் வரும் உதிரிச் சாமான்களைச் சோதித்து, வைத்துக்கொள்ளலாமா, திருப்பி அனுப்பலாமா என்று எழுதுவது என் வேலை. மகள் இனியா வயிற்றில் இருந்தபோது நின்றவள், திரும்பப் போகவில்லை. முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பீர்கள். ஆனால் என் இடத்தில் இப்போது இருக்கும் திவ்யா போன மாதம் போன் செய்து, “அக்கா, உங்க காலத்துல இதை எப்படிச் செய்வீங்க?” என்று கேட்டபோது, எனக்கும் ஒரு காலம் இருந்து முடிந்துவிட்டது என்று புரிந்தது.

சொந்தக்காரர்களுக்கு நான் இன்னும் அதே சோதனைக்காரிதான். மிக்ஸி வாங்கினாலும் குக்கர் வாங்கினாலும் கடையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்வார்கள். “நம்ம நாட்டுது வாங்கலாமா, வெளிநாட்டுது வாங்கலாமா?” முன்பெல்லாம் எதையாவது சொல்வேன். இப்போது, கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருப்பதை வாங்குங்கள் என்று மழுப்பிவிடுகிறேன். “எட்டு வருசம் இதே வேலையைப் பாத்துட்டு ஒரு மிக்ஸிக்குப் பதில் சொல்ல மாட்டேங்குற” என்பார் என் கணவர். அவருக்கு முழுக் கதையும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

டிப்ளமோ முடித்துவிட்டு மில்லில் சேர்ந்த முதல் ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாணார்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். பேரிங்கையும் பெல்ட்டையும் ரப்பர் உருளையையும் எடை போட்டேன், எண்ணினேன், எழுதினேன். எதிலும் என் பேச்சு எடுபடாது. இரண்டாம் வருடம்தான் பாபின் என்னிடம் வந்தது.

பாபின் என்பது நூல் சுற்றும் பிளாஸ்டிக் குழல். ஒரு சாண் நீளம் இருக்கும். அடி அகலம், நுனி குறுகல். ஒரு மில்லுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். மெஷினில் நிற்கும் இரும்புக் கதிரில் அதை மாட்டினால், கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழலும். குழல் கொஞ்சம் கோணலாக இருந்தால் ஆடும். ஆடினால் நூல் அறும். பிளாஸ்டிக்கில் வலு இல்லாவிட்டால் உடைந்து தெறிக்கும்.

சோதனை செய்யும் முறையை வகுத்தவர் எங்கள் ஸ்டோர்ஸ் அதிகாரி கனி சார். பேகம்பூர்க்காரர். தோல் வியாபாரம் செய்த குடும்பம். அதை விட்டுவிட்டு மில் வேலைக்கு வந்தவர். எப்போதும் ஒரு கையில் முறுக்குப் பொட்டலம் இருக்கும், ஆனால் சோதனை அறைக்குள் அதைக் கொண்டுவர மாட்டார். வாசலில் நின்று தின்று முடித்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

எங்களுக்கு இரண்டு இடங்களிலிருந்து பாபின் வந்தது. ஒன்று சீனாவிலிருந்து ஒரு ஏஜென்ட் மூலமாக. இன்னொன்று ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டறைச் செட்டிலிருந்து. சாக்கு பிரிக்கும்போது நான் உள்ளே இருக்கக் கூடாது. கனி சார் தன் கையாலேயே ஒவ்வொரு சாக்கின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுப்பார், மேலே இருப்பதைத் தொட மாட்டார். இரண்டு சரக்கிலும் ஐம்பது ஐம்பது. ஒவ்வொன்றின் அடியிலும் செய்தவர் பெயர் பொறித்திருக்கும். அதை மறைத்துப் பேப்பர் டேப் ஒட்டுவார். அதன்மேல் எண் எழுதி, எல்லாவற்றையும் ஒரே டப்பில் போட்டுக் கலக்கிவிடுவார். எந்த எண் யாருடையது என்ற சீட்டு அவர் சட்டைப் பையில் இருக்கும். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்.

“என்ன பாய், பாபினுக்கு முக்காடு போட்டுட்டீங்களா?” என்று உற்பத்தி மேனேஜர் கேலி செய்வார்.

“முக்காடு பாபினுக்கு இல்ல சார், நம்ம கண்ணுக்கு” என்பார் கனி சார். “ஊசிக்கு எந்த நாடுன்னு தெரியாது. அளக்குறவளுக்கும் தெரியாம இருக்கட்டும்.”

ஊசி என்று அவர் சொன்னது அளவுமானியின் முள்ளை. சோதனைக் கதிரில் பாபினை மாட்டி, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். பக்கத்தில் ஒட்டி நிற்கும் அளவுமானியில் முள் நகரும். இருபது கோட்டுக்குள் நின்றால் தேறியது. தாண்டினால் உடனே கழித்துவிடக் கூடாது. கதிரில் தூசி இருக்கலாம், மாட்டியது சாய்ந்திருக்கலாம். அதனால் கழற்றி, துணியால் துடைத்து, மறுபடி மாட்டி இன்னொரு முறை அளக்க வேண்டும். முதல் அளவுக்கு ஒரு கட்டம், இரண்டாம் அளவுக்கு ஒரு கட்டம். இரண்டிலும் தாண்டினால்தான் அந்தப் பாபின் தவறியது என்று பொருள். ஐம்பதில் இரண்டு வரை தவறினால் பொறுத்துக்கொள்வோம். மூன்றாவது தவறினால் அந்தச் சரக்கு முழுவதும் திரும்பப் போய்விடும்.

அதன்பிறகு, நெஞ்சு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்ப்பது, ஆவியில் வைத்து எடுப்பது எல்லாம் உண்டு. நூலைப் பாபினோடு ஆவியில் வைப்பதால் அது வளையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளக்கும்போது யாரும் பேசக் கூடாது. ஒரு தடவை என் போன் அடித்தது. கனி சார் உள்ளே வந்தார். அதுவரை அளந்திருந்த நாற்பதையும் டப்பில் திருப்பிக் கொட்டி, “மொதல்லயிருந்து வாம்மா கவிதா” என்றார்.

இவ்வளவு ஏற்பாட்டிலும் ஒரு ஓட்டை இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும்.

அச்சுக்குள் பிளாஸ்டிக் நுழைகிற இடத்தில், குழலின் உள்பக்கம் அடியோரமாக ஒரு சின்னத் தழும்பு விழும். சீனப் பாபினில் அது வழவழவென்று தட்டையாக இருக்கும். ரெட்டியார்சத்திரத்துப் பாபினில் கடுகளவு மேடாக, கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி இருக்கும். எடுத்து மாட்டும்போது கட்டைவிரல் தானாக அங்கே போய்விடும். டேப் ஒட்டி என்ன பயன்? மூன்றாவது தடவை சோதித்தபோதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. கனி சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் இவ்வளவு கவனமாக ஒட்டுகிறாரே, சொன்னால் மனம் நொந்துபோவாரோ என்று நினைத்தேன். தெரிந்தால்தான் என்ன, நான் நியாயமாகத்தான் அளப்பேன் என்றும் நினைத்தேன்.

ரெட்டியார்சத்திரத்துச் செட்டை நடத்தியவர் பஞ்சவர்ணம் அக்கா. கணவர் இறந்த பிறகு, அவர் வாங்கிப் போட்டிருந்த ஒரு பழைய மெஷினையும் அச்சையும் வைத்து ஆரம்பித்தவர். ஆறு பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். சரக்கு வண்டியில் அவரே முன்னால் உட்கார்ந்து வருவார். ஸ்டோர்ஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “தங்கச்சி, சாப்டியா? என்ன வெஞ்சனம்?” என்று கேட்பார். நான் டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். “தெனமும் உருளைக்கிழங்கா? உங்க பக்கம் கத்திரிக்காய்க்குப் பஞ்சமா?” என்பார். அடுத்த தடவை சாக்கோடு ஒரு பை கத்திரிக்காயும் வரும். கனி சார் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

“சரக்கு வேற, காய்கறி வேறங்க சார்.”

“ரெண்டும் ஒரே வண்டியில வருதே தாயி.”

முதல் மூன்று வருடம் அக்காவின் பாபின் நன்றாகவே இருந்தது. சொல்லப்போனால், தரையில் போட்டால் சீனப் பாபினைவிடக் கணீரென்று சத்தம் வரும். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் மாறியது. நிறம் லேசாக மங்கியது. முதல் அளவில் தவறுகிறவை கூடின. அப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறையும் தவறினால், மூன்றாம் முறை மாட்டிப் பார்ப்பேன். கடுகளவு மேடு கையில் பட்டால் மட்டும். மூன்றாம் முறையில் தேறினால் அதை இரண்டாம் கட்டத்தில் எழுதிவிடுவேன். தட்டையான தழும்புக்கு இரண்டு முறைதான். இது தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நம் ஊரில் ஆறு பெண்கள் பிழைக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்றுதான் இருந்தது.

அப்படித் தேறிய ஒரு சரக்கிலிருந்துதான் அந்தப் பாபின் உடைந்தது. அய்யலூரிலிருந்து வரும் மகேஸ்வரி, இருபது வயதுப் பெண், நிறைந்த பாபின்களைக் கழற்றி வெறும் பாபினை மாட்டுகிற வேலை. மெஷின் வேகம் எடுத்தபோது ஒன்று வெடித்தது. சில்லு அவள் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. நான் ஓடிப் போனபோது துணியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கண்ணு தெரியுதுக்கா. அழாதீங்க. நீங்க அழுகுறதப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

ஐந்து தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கியது நான். அடித்துண்டு கையில் வந்ததும் கட்டைவிரல் உள்ளே போனது. கடுகு இருந்தது.

கோணலாக இருந்து உடைந்ததா, பிளாஸ்டிக் வலுவில்லாமல் உடைந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தரையில் போட்ட சோதனையில் அந்தச் சரக்கு தேறியிருந்தது. நான் மூன்றாம் முறை மாட்டிய பாபின்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

உற்பத்தி மேனேஜர், “நம்ம ஊரு நம்ம ஊருன்னு எதுக்கு இழுத்துக்கிட்டு இருக்கோம்? சீனாக்காரன் ஒரே அளவா அனுப்புறான்ல” என்றார்.

“அவனும் ஒருநா தரத்தைக் குறைப்பான் சார். அன்னைக்கு நாம யாருகிட்டப் போறது?” என்றார் கனி சார்.

அக்காவை வரச் சொன்னார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை.

“ஆமாங்க சார், கலந்தேன். ஒடைஞ்ச பாபினை அரைச்சு, பத்துக்கு ரெண்டு பங்கு போட்டேன். வேற குப்பை எதுவும் போடல. சீனா வெலைக்குத் தாறியா, இல்ல நிப்பாட்டிக்கிறியான்னு உங்க ஆபீசுலதான் கேட்டாக. நானும் ஒரு வருசமா இழுத்துப் புடிச்சேன்.” பிறகு குரல் இறங்கியது. “அந்தப் புள்ளைய நான் பாக்கணும். எந்த வார்டு?”

கனி சார் நிர்வாகத்தோடு பேசி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். பழசு கலக்காத புதுப் பிளாஸ்டிக்கில் செய்து ஒரு தடவை அனுப்ப வேண்டும். தேறினால் தொடரலாம். இல்லையென்றால் அத்தோடு சரி. அக்கா ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். சாக்கு இறங்கிய அன்று ஜன்னலுக்கு வந்து, “இந்தத் தடவ எல்லாம் புதுசு தங்கச்சி. ஒரு பொடி கூடப் பழசு இல்ல” என்றார். என்ன வெஞ்சனம் என்று கேட்கவில்லை.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். மகேஸ்வரிக்கு அடிபட்ட நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. பிறக்கப் போகும் குழந்தையின் முகத்தை நினைத்தால் புருவத்தில் தையலோடுதான் வரும். இதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

வழக்கம்போல நூறு பாபின்கள் டப்பில் இருந்தன. காலையில் ஆரம்பித்தேன். சீனப் பாபின்களில் இரண்டு முதல் அளவில் தவறின. துடைத்து மாட்டினேன், இரண்டும் தேறின. அக்காவுடையதில் ஒன்று அப்படித் தவறி, அப்படியே தேறியது. சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன். இடுப்பு வலித்தது. கடைசி இருபதில் மூன்று பாபின்கள், மூன்றிலும் கடுகு. முதல் அளவு இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்தொன்று. ஒரு கோடு, இரண்டு கோடுதான் கூடுதல். தூசி இருந்தாலே அவ்வளவு காட்டும். இத்தனை வருடத்தில் அப்படி எத்தனையோ இரண்டாம் முறையில் தேறிப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொன்றும் வந்தபோது கழற்றித் தனியாக வைத்தேன். பிறகு சேர்த்து அளந்துகொள்ளலாம் என்று நினைத்தேன் என்றுதான் ஞாபகம். கடைசி பாபின் முடிந்தது. மூன்றும் என் முன்னால் இருந்தன. துணி கையில் இருந்தது. இரண்டாம் கட்டத்தில் இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று எழுதினேன். கடைசியில் மட்டும் ஒரு கோடு கூட்டி எழுதினேன். முதல் கட்டத்தில் இருப்பது அப்படியே இருந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும் அல்லவா? அந்த யோசனை வருகிற அளவுக்குத் தெளிவாகத்தான் இருந்தேன். இடுப்பு வலி, களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அந்த ஒரு கோடு நினைவுக்கு வரும்.

கனி சார் வந்தார். தாளைப் பார்த்தார். பையிலிருந்த சீட்டை எடுத்து ஒப்பிட்டார். மூன்றின் டேப்பையும் உரித்தார். அடியில் இருந்த பெயரைப் பார்த்தார்.

“ரெண்டாவது அளவு எடுத்தியாம்மா?”

“எடுத்தேன் சார்.”

“துடைச்சிட்டா?”

“துடைச்சிட்டுத்தான் சார்.”

கையெழுத்துப் போட்டார். மறுநாள் சாக்குகள் வண்டியில் ஏறின. அக்கா வரவில்லை, டிரைவர் மட்டும் வந்திருந்தார். அடுத்த மாதம் நான் பிரசவ விடுப்பில் போனேன்.

மூன்றும் நிஜமாகவே தவறியிருக்கலாம். அப்படியானால் நான் எழுதியது பொய்யாக இருந்தாலும் முடிவு சரி. ஒன்று தேறியிருந்தாலும் போதும், சரக்கு முழுவதும் உள்ளே போயிருக்கும், அக்காவின் செட் ஓடியிருக்கும். மகேஸ்வரியின் புருவத்தை நினைத்து அப்படிச் செய்தேனா, முன்பு காட்டிய சலுகைக்கு ஈடுகட்டச் செய்தேனா, எழுந்திருக்க முடியாமல் செய்தேனா? எதைச் சொன்னாலும் அது என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வது போலவே இருக்கிறது.

இனி திவ்யாவின் போனுக்கு வருகிறேன். நான்கு வருடமாகச் சீனப் பாபின்தான் மில்லில். முதலில் நன்றாக இருந்தது. இப்போது வருகிற சாக்குகள் எடை குறைவு, ஆவியில் வைத்தால் நுனி வளைகிறது என்றாள். ஏஜென்டிடம் கேட்டால் வேறு கம்பெனியைக் காட்டுகிறாராம், அதுவும் அப்படியே. உள்நாட்டில் யாராவது இருந்தால் பாருங்கள் என்று நிர்வாகமே இப்போது சொல்லிவிட்டது. பழைய கோப்பைத் தோண்டியதில் பஞ்சவர்ணம் அக்காவின் பெயர் வந்திருக்கிறது.

“ஆனா அக்கா, கடைசிச் சரக்குல மூணு பாபின் ரெண்டு அளவுலயும் போயிருக்கு. ரெண்டுலயும் போனா அச்சுக் கோளாறுன்னு எடுத்துக்கணும், புது அச்சு போட்டாத்தான் மறுபடி சேக்கணும்னு விதி இருக்கே. முதல் அளவுல மட்டும் போயிருந்தா நேரா ட்ரையல் கேக்கலாம். அந்த எண்ணு சரிதானேக்கா? நீங்க சரின்னா நான் பட்டியல்லருந்து அவங்க பேரை எடுத்துடுறேன்.”

குழந்தை அழுகிறாள், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இனியா அப்போது அழவில்லை. பொம்மை பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது அச்சு என்பது அக்காவைப் போன்றவர்களால் நினைத்துப் பார்க்க முடியாதது. அவர் இப்போது என்ன செய்கிறார் என்று விசாரித்தேன். நாகல் நகர்ப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடையில் இருக்கிறார் என்றார்கள். இனியாவை ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும், தண்ணீர்ப் பாட்டில் வாங்கலாம் என்ற சாக்கில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

கடை முழுக்க வெளிநாட்டுச் சாமான். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து டப்பா மூடிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். தலை நிறைய நரைத்திருந்தது.

“ஏத்தா, இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாக. ஒளிச்சு வைங்கடி எல்லாத்தையும்” என்று கடைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தார். “உன் புள்ளையா? அம்புட்டும் உன் மூக்கு. பேரு என்னடா கண்ணு?”

இனியா என் சேலைக்குள் போய்விட்டாள். அக்கா ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். “இது வெளிநாட்டுது. மூடி நல்லா உக்காரும். இந்தா, இது நம்மூர்ப் பக்கத்துது, மூடி ரெண்டு மாசத்துல லூசாயிரும். நானே செஞ்சவ சொல்றேன், வெளிநாட்டுதையே வாங்கு.”

பாட்டிலைக் கையில் வாங்கினேன். என் கட்டைவிரல் அதன் அடியில் போய் நின்றது. அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

“என்ன, தழும்பு பாக்குறியா?”

விரலை எடுத்துவிட்டேன்.

“எனக்குத் தெரியும் தங்கச்சி. பாய் என்னதான் டேப்பு ஒட்டினாலும் நீ கையில புடிச்சாக் கண்டுபிடிச்சிருவன்னு. ஜன்னல்ல நின்னு எத்தன தடவ பாத்திருக்கேன். என் பாபின் வந்தா மாத்திரம் செத்த நேரம் கூட வச்சிருப்ப.” சிரித்தார். “அதனாலதான் அன்னைக்கு நீ முடியாதுன்னு எழுதினதும் நான் மில்லுக்கு வந்து சண்ட போடல. வேண்டியவ, என்னோடதுன்னு தெரிஞ்சும், ரெண்டு தடவ அளந்து தப்புன்னு போட்டுட்டான்னா, அச்சு தேஞ்சு போச்சுன்னுதான அர்த்தம்? பழைய அச்சாச்சேன்னு எனக்கே முன்னாடி ஒரு சந்தேகம் இருந்துச்சு. நீ எழுதினதும் தெளிஞ்சிருச்சு.”

“அந்தப் பாபின் எல்லாம் எங்கக்கா இப்ப?”

“அரைச்சு, பக்கெட்டு செய்யுறவுகளுக்குக் குடுத்தாச்சு. அச்ச மாத்திரம் விக்கல. கிரீஸ் தடவிச் சாக்குல சுத்திக் கட்டிலுக்கு அடியில கெடக்கு.” மூடிகளை மறுபடி சேர்க்க ஆரம்பித்தார். “உங்க மில்லுலருந்து ஒரு புள்ள போன் பண்ணுச்சு. மறுபடி செய்வீங்களான்னு. தேஞ்ச அச்சுல செஞ்சு இன்னொரு புள்ளைக்குக் கண்ணு போகணுமா, ஆள விடுன்னு சொல்லிட்டேன். மகேசு நல்லாருக்காளா? கல்யாணம்னு சொன்னாக.”

நல்லா இருக்கா அக்கா என்றேன். பாட்டிலுக்குப் பணம் கொடுத்தேன். அக்கா இனியாவின் கன்னத்தைத் தட்டி ஒரு சின்ன டப்பா இனாமாகக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தபோதுதான், நான் சொல்லப் போனதைச் சொல்லவில்லை என்பதே உறைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களிடமும் பாதியை மறைத்தது போலாகும். ஜூனில் இனியா பள்ளிக்குப் போனதும் அதே ஸ்டோர்ஸில் மறுபடி சேரலாம் என்று எண்ணியிருந்தேன். திவ்யாவும் இடம் இருக்கிறது என்றாள். அளக்காமல் எழுதியவள் என்று தெரிந்தால் யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. அந்தத் தாளில் கனி சாரின் கையெழுத்து இருக்கிறது. ஓய்வு பெற்றுக் கோவையில் மகனோடு இருக்கிறார். இத்தனை வருடம் டேப் ஒட்டிய மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வது?

இதற்கெல்லாம் மேலே ஒரு பயம். நான் எழுதியது பொய் என்று சொன்னால், அச்சு நல்ல அச்சு என்று ஆகிவிடாது. அது எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. என் பேச்சை நம்பி அவர் மறுபடி செய்து, அது மறுபடி உடைந்தால்? முதல் தடவை நான் தேறியது என்று எழுதி ஒரு பெண்ணுக்குப் புருவம் கிழிந்தது. இரண்டாம் தடவை தவறியது என்று எழுதி ஆறு பெண்களுக்கு வேலை போனது. மூன்றாம் தடவை என்ன சொல்வது?

மார்ச் முடிவதற்குள் யாரிடம் பாபின் வாங்குவது என்ற புதுப் பட்டியல் மில்லில் முடிவாகிவிடும். அதன்பிறகு நான் எதைச் சொன்னாலும் யாருக்கும் பயன் இல்லை. இந்தக் கட்டுரையில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இருந்தாலும் மில்லில் படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும் என்ற பயத்தோடுதான் அனுப்புகிறேன்.

வாசகர்களில் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், செய்கிறவர்கள் இருப்பீர்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பழைய தப்போடு இருப்பவர்களும் இருப்பீர்கள். நான் முதலில் யாரிடம் போக வேண்டும்? திவ்யாவிடம் அந்த எண் பொய் என்று சொல்லி, ட்ரையலை அவர்கள் முடிவுக்கு விடுவதா? கட்டிலுக்கு அடியில் இருக்கும் அச்சை யாராவது நல்ல ஆளிடம் காட்டி, தேய்ந்ததா இல்லையா என்று பார்த்த பிறகு வாயைத் திறப்பதா? அச்சை வெளியே எடுக்கச் சொல்வதற்கே அக்காவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். என் அளவை நம்பித் தன் கையை நம்பாமல் போன அவரிடம், அந்த முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.